ஐந்து இரவு, மூன்று ஊர்: காரில் மலேசியா கிளம்புகிறவர்களுக்கு

ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நெருங்கும்போது சிங்கப்பூரில் கார் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருவர் கேமரன் மலை என்பார், இன்னொருவர் பினாங்கு, பாட்டிக்குப் பத்துமலை, பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் இருந்தால் எந்த ஊரானாலும் சரி, போகிற வழிதானே மலாக்காவையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சேர்த்துவிடுவார்கள். கையில் இருப்பதோ ஐந்து இரவு. எல்லாவற்றையும் திணித்துப் பட்டியல் போட்டால் கடைசியில் நெடுஞ்சாலையையும் ஹோட்டல் லிஃப்டையும் பார்த்ததுதான் மிச்சம். முதல்முறை சொந்தக் காரில் எல்லை தாண்டப் போகிறவர்கள் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதைக் கடைசியில் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஹோட்டல் பதிவு கடைசியில் வரும். பலரும் அதைத்தான் முதலில் செய்துவிட்டு அப்புறம் பயணத்தை அதற்கேற்ப வளைக்கிறார்கள்.

இரவுக் கணக்கு

எத்தனை நாள் விடுப்பு என்று பார்க்காதீர்கள், எத்தனை இரவு என்று பாருங்கள். ஆறு நாள் என்றால் நிறைய இருப்பது போலத் தெரியும், ஆனால் முதல் நாள் எல்லையிலும் சாலையிலும் போய்விடும், கடைசி நாள் திரும்புவதில் போய்விடும், நடுவில் இருக்கும் நான்கு நாளிலும் ஒவ்வொரு முறை ஹோட்டல் மாறும்போது ஏறக்குறைய அரை நாள் காணாமல் போகும். காலைச் சாப்பாடு முடித்து, பெட்டி கட்டி, குளியலறையில் காயப்போட்ட துணியைத் தேடி எடுத்து, நண்பகலில் அறையைக் காலி செய்தால் அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். அந்த இடைவெளி கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு ஓய்வாகவும் இருக்காது, ஊர் சுற்றியதாகவும் இருக்காது.

என் கணக்கு இதுதான்: இரவுகளைப் பாதியாக்குங்கள், அரை வந்தால் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு ஊர்கூட வேண்டாம். மூன்று இரவுக்கு இரண்டு ஊர், ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு நான்கு. ஒரே இரவு தங்கும் ஊர் ஒன்று இருக்கலாம், அதுவும் நீண்ட ஓட்டத்துக்கு நடுவில் எப்படியும் படுத்து எழ வேண்டிய இடமாக இருந்தால் மட்டும். அடுத்தடுத்து இரண்டு ஊரில் ஒவ்வோர் இரவு என்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்தக் கணக்கு வந்தபிறகு வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து ஆளுக்கு ஒன்று மட்டும் கேளுங்கள், எதைச் செய்யாமல் திரும்பினால் மனசு கேட்காது என்று. ஊர்ப் பெயர் சொல்லக்கூடாது, ஓர் இடமோ ஒரு சாப்பாடோ ஒரு வேலையோ சொல்ல வேண்டும். பினாங்கு வேண்டும் என்று அடம்பிடித்த பிள்ளைக்கு உண்மையில் வேண்டியது கடற்கரையாக இருந்தால் அது பாதி தூரத்தில் போர்ட் டிக்சனிலேயே இருக்கிறது. பாட்டிக்கு முருகன் கோயில் என்றால் பத்துமலை, ஈப்போ கல்லுமலை, பினாங்கு தண்ணீர்மலை என்று மூன்று இருக்கின்றன, அதில் பாதைக்கு வசதியானதைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி ஊர்கள் தானாக உதிர்ந்துவிடும்.

ஒரே சாலைதான்

மேற்குக் கரையில் நீங்கள் போகப்போவது வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. போனதும் அதே, வருவதும் அதே, ஏனென்றால் சொந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. சிங்கப்பூரிலிருந்து மலாக்கா சுமார் 240 கிலோமீட்டர், கோலாலம்பூர் சுமார் 350, ஈப்போ சுமார் 550, பினாங்கு சுமார் 700. வட்டமாகச் சுற்றி வரும் பயணம் இல்லை என்பதை ஏற்றுக்கொண்டால் ஒரு வசதி கிடைக்கிறது: போகும்போதே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். எல்லாரும் உற்சாகமாக இருக்கும் முதல் நாளிலேயே முடிந்த அளவு வடக்கே ஏறிவிடுங்கள், அப்புறம் ஒவ்வொரு ஊராக இறங்கி வாருங்கள். மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு என்று மெதுவாக ஏறிப் போகிறவர்களுக்குக் கடைசி நாளில் 700 கிலோமீட்டர் ஓட்டமும் அதன் முடிவில் எல்லை நெரிசலும் காத்திருக்கும், மறுநாள் காலை வேலைக்கும் போக வேண்டும்.

கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது நிற்காமல் ஓட்டினால் ஆகும் நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபது நிமிட நிறுத்தம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், எல்லையில் நல்ல நாளிலேயே ஒரு மணி நேரம் என்று சேர்த்தால் ஆறு மணி நேரம் என்று காட்டும் ஈப்போ ஏறக்குறைய ஒன்பது மணி நேரமாகிவிடும். ஓட்டக்கூடியவர் ஒருவர் மட்டும்தான் என்றால் முதல் நாளே பினாங்கு என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, ஐந்து இரவுக்கு நான் போடும் திட்டம்: ஈப்போ ஓர் இரவு, பினாங்கு இரண்டு, மலாக்கா இரண்டு. கோலாலம்பூர் எங்கே என்று கேட்பீர்கள். விட்டுவிட்டேன். அங்கே சொந்தக் கார் சுமைதான், நெரிசலும் நிறுத்துமிடமும் சேர்ந்து நேரத்தைத் தின்னும். பேருந்திலோ விமானத்திலோ ஒரு வார இறுதியில் தனியாகப் போய் வரக்கூடிய ஊர் அது. கார் இருக்கும்போது கார் இல்லாமல் போகச் சிரமமான இடங்களுக்குப் போவதுதான் லாபம்.

முதல் நாள் அதிகாலையில் கிளம்பி, ஈப்போவுக்குச் சற்று முன்னால் கோப்பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பத்து காஜா போகும் வழியில் கெல்லி கோட்டை வரும். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கியது, 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமலே நின்றுவிட்டது. கட்டுமான வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் அந்தத் தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயிலின் மேல்தளத்தில் சாமி சிலைகளோடு கெல்லியின் உருவமும் நிற்கிறது, பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மாலையில் கோட்டையை மூடிவிடுவார்கள், தாமதமாகிவிட்டால் நேராக ஈப்போ போய்ப் படுத்துவிடுங்கள். மறுநாள் காலை கல்லுமலை, பழைய நகரில் ஒரு வெள்ளைக் காப்பி, நண்பகலில் பினாங்கு. அது சுமார் 160 கிலோமீட்டர்தான்.

பினாங்குக்கு இரண்டு பாலங்கள். 1985இல் திறந்த பழைய பாலம் ஜார்ஜ் டவுனுக்குப் பக்கம். 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் பாலம் தீவின் தென்பகுதிக்குப் போகிறது, ஊருக்குள் தங்குகிறவர்களுக்கு அது சுற்று. கட்டணம் தீவுக்குள் போகும்போது மட்டும்தான். கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்கு விடுமுறை நாளில் வரிசை நீளும், அதனால் காலையில் முதல் வேலையாக அதை முடித்துவிட்டு, வெயில் ஏறியபின் நடைபாதை நிழலில் ஜார்ஜ் டவுன் தெருக்களையும் லிட்டில் இந்தியாவையும் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலைக்கு மாலை வெயில் தணிந்தபிறகு.

நான்காம் நாள்தான் நீளமானது. பினாங்கிலிருந்து மலாக்கா 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். காலை ஏழு மணிக்குள் கிளம்பினால் நண்பகலில் பத்துமலை, வடக்கிலிருந்து இறங்கும்போது அது கோலாலம்பூருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது, பெரிய சுற்று இல்லை. 272 படிகளை அந்த வெயிலில் ஏற முடியாதவர்கள் கீழே 42.7 மீட்டர் முருகனைப் பார்த்துவிட்டு, அடிவாரக் கோயில்களில் கும்பிட்டுக்கொள்ளலாம். அங்கேயே சைவச் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. மூன்று மணிக்கு முன்னால் அங்கிருந்து நகர்ந்துவிட வேண்டும், அதற்கு மேல் போனால் கோலாலம்பூரின் மாலை நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். மலாக்காவில் அப்புறம் அவசரமே இல்லை. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில், பள்ளிவாசல், சீனக் கோயில் மூன்றும் ஒரே தெருவில், நடந்தே பார்க்கலாம். பல நூற்றாண்டுக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் கதையைப் பெரியவர்கள் யாராவது பிள்ளைகளுக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மூன்று இரவுதான் என்றால் ஈப்போ, பினாங்கு எல்லாம் வேண்டாம், போர்ட் டிக்சன் இரண்டு மலாக்கா ஒன்று போதும். ஏழு கிடைத்தால் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் நடுவில் கேமரன் மலை இரண்டு இரவு. சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள், அந்தச் சாலை அகலம். இறங்கும்போது தாப்பா வழி, அது பழைய, வளைந்து வளைந்து போகும் சாலை, வாந்தி வரும் பிள்ளை இருந்தால் அதையும் தவிர்க்கலாம். இருட்டியபிறகு எந்த வழியிலும் ஏற வேண்டாம். பள்ளி விடுமுறையின் சனி, ஞாயிறில் பிரிஞ்சாங் பக்கம் கார்கள் நகராது, வார நாள் இரவுகளை அதற்கு ஒதுக்குங்கள்.

கிழக்குக் கரை பற்றி ஒரே வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே வடகிழக்குப் பருவமழை, வெள்ளமும் வரும், தீவுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது. நம் ஆண்டிறுதி விடுமுறை சரியாக அதில்தான் விழுகிறது. தைப்பூச வாரத்தில் பினாங்கும் பத்துமலையும் நிரம்பி வழியும், காவடி பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லையென்றால் வேறு வாரம்.

எல்லைக்கான காகித வேலை

இதைக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் தொடங்கினால் முடியாது. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, எல்லாரும் விஇபி என்று சொல்வது, சிங்கப்பூர்ப் பதிவு உள்ள கார்களுக்குக் கட்டாயம். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். இணையத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்து, காரை அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி வில்லையை வாங்கி ஒட்டி, செயல்படுத்தி முடிக்க நாளாகும், ஊர் முடிவானதும் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். இதைத் தவிர ஒவ்வொரு முறை நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். வாடகைக் கார் என்றால் மலேசியாவுக்குக் கொண்டுபோக அனுமதியும் விஇபியும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள். சொந்தக் காரின் காப்புறுதியையும் எடுத்துப் படியுங்கள்: மேற்கு மலேசியாவில் செல்லுமா, வண்டி நின்றுபோனால் இழுத்து வரும் செலவு யாருடையது, யார் யார் ஓட்டலாம்.

நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்துக்கு டச் என் கோ அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். நுழையும்போது எந்த அட்டையைத் தொட்டீர்களோ வெளியேறும்போதும் அதே அட்டை வேண்டும், இரண்டு அட்டை வைத்திருப்பவர்கள் இதில்தான் குழம்புவார்கள். நூறு ரிங்கிட்டுக்குக் குறையாமல் போட்டுவைத்து, மீதியைப் பெட்ரோல் நிலையத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

பெட்ரோல் விஷயத்தில் இரண்டு பக்கமும் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரை விட்டு வெளியேறும்போது நம் காரின் தொட்டியில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், திருப்பியும் அனுப்பிவிடுவார்கள். முந்தைய நாள் மாலையே நிரப்பிவிடுங்கள், ஏனென்றால் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போதே முள் கொஞ்சம் இறங்கும். அந்தப் பக்கம் போனதும் ரோன் 97 ரகப் பெட்ரோல் மட்டும்தான் போடலாம். மஞ்சள் குழாய் ரோன் 95 மலேசியர்களுக்கான மானியப் பெட்ரோல், வெளிநாட்டு வண்டிக்குத் தடை. ரோன் 97 நம் ஊர் விலையைவிடக் குறைவுதான், ஆகவே ரோன் 95க்கு ஆசைப்பட வேண்டாம்.

கடவுச்சீட்டில் ஆறு மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைச் சிங்கப்பூர்க் குடிமக்கள் நிரப்ப வேண்டியதில்லை, ஆனால் இந்தியக் கடவுச்சீட்டோடு நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இங்கே இருப்பவர்கள் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். ஒரே காரில் தாத்தா பாட்டி இந்தியக் கடவுச்சீட்டு, பிள்ளைகள் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு என்றிருக்கும் குடும்பங்களில் இது விட்டுப்போகும். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரில் வந்த 30 நாள் விசா விலக்கு 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது, அதற்குப் பிறகு போகிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வருகையாளராக வந்திருக்கும் பெற்றோர் என்றால் திரும்பி வரும்போது சிங்கப்பூருக்குள் மீண்டும் நுழைய அவர்கள் விசா இடம் தருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஒரு முறை மட்டும் நுழையும் விசா என்றால் அவர்களை அழைத்துப் போக முடியாது.

சிங்கப்பூர்ப் பக்கத்தில் மைஐசிஏ செயலியில் குடும்பம் முழுவதற்கும் ஒரே கியூஆர் குறியீடு எடுத்துவைத்தால் கடவுச்சீட்டுகளை நீட்ட வேண்டியதில்லை. எல்லைச் சாவடி உட்லண்ட்ஸா துவாஸா என்றால், வடக்கே போகிறவர்களுக்கு நான் துவாஸைத்தான் சொல்வேன். கட்டணம் அதிகம், ஆனால் ஜோகூர் பாரு நகருக்குள் போகாமல் நேராக நெடுஞ்சாலையில் சேர்ந்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை காலையும் வேண்டவே வேண்டாம். முடிந்தால் ஞாயிறு அதிகாலை நான்கு, ஐந்து மணி, அல்லது ஒரு நாள் கூடுதல் விடுப்பு எடுத்து வார நாள். கிளம்பும் முன் சாலைக் கேமராப் படங்களைப் பார்த்துவிட்டு எந்தச் சாவடி என்று முடிவு செய்யலாம்.

சாலையில்

நெடுஞ்சாலையில் வேக வரம்பு 110, கேமராக்கள் உண்டு. போலீஸ் நிறுத்தினால் சம்மனை வாங்கிக்கொண்டு முறைப்படி கட்டுங்கள், கையில் பணம் திணிக்கும் வேலை வேண்டாம். மதியத்துக்குமேல் திடீரென்று கொட்டும் மழையில் மோட்டார்சைக்கிள்காரர்கள் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி நிற்பார்கள். அந்த இடங்களில் இடது தடத்தில் வேகமாகப் போகாதீர்கள்.

சாப்பாடு: ஓய்வுத் தளங்களில் கழிப்பறையும் கடைகளும் நன்றாகவே இருக்கும், ஆனால் சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பழமும் ரொட்டியும்தான் உத்தரவாதம். முதல் நாளுக்கு மட்டும் புளிசாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டு போனால் வயதானவர்கள் முகம் வாடாது. ஈப்போ, பினாங்கில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம்.

இப்போது ஹோட்டல்

ஊரும் தேதியும் உறுதியானபின் இதற்கு வாருங்கள், ரத்துசெய்யக்கூடிய விலையில் எடுங்கள். ஒரே கேள்வியை எல்லா ஹோட்டலிடமும் கேட்க வேண்டும்: கார் எங்கே நிற்கும்? ஜார்ஜ் டவுன், மலாக்கா பழைய நகர்ப் பகுதிகளில் அழகான பழைய வீட்டு விடுதிகள் நிறைய, பலவற்றில் நிறுத்துமிடம் கிடையாது, இரண்டு தெரு தள்ளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மலாக்காவின் ஜோங்கர் தெரு வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் இரவுச் சந்தைக்காக மூடப்படும், அதை ஒட்டித் தங்குகிறவர்கள் அதற்கு முன்னால் ஊருக்குள் போய்விட வேண்டும். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, பதிவுசெய்யும்போது சேர்க்காவிட்டால் அங்கே கேட்பார்கள்.

திரும்புவது

கடைசி இரவு மலாக்காவிலோ அதற்குத் தெற்கிலோ இருக்கட்டும், அப்போதுதான் எல்லையை எத்தனை மணிக்குத் தாண்டுவது என்பது உங்கள் கையில் இருக்கும். ஞாயிறு மாலை திரும்பினால் நாடே உங்களோடு திரும்பும். ஞாயிறு என்றால் காலைச் சாப்பாட்டுக்கு முன்னே கிளம்பி நண்பகலுக்குள் தாண்டுங்கள், அல்லது திங்கள். எல்லைக்கு முன்னால் ரோன் 97 நிரப்பிக்கொள்ளலாம்.

48 மணி நேரத்துக்குக் குறையாமல் வெளியே இருந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆளுக்கு 500 வெள்ளி வரை வாங்கிய பொருள்களுக்கு ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, அதற்குக் குறைந்த நேரம் என்றால் 100 வெள்ளி. மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கு வரிவிலக்கு இல்லை, சிகரெட் ஒன்றுக்குக்கூட இல்லை, மின்சிகரெட் அறவே கூடாது. பின்பக்கத்தைத் திறக்கச் சொல்வார்கள், ஆகவே அழுக்குத் துணி மூட்டையை அடியில் போட்டு, வாங்கியவற்றை ஓரமாக, ரசீதுகளோடு வைத்துக்கொள்ளுங்கள்.